தமிழ் மாணவர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024/2025

மதிப்பிற்குரிய பெருந்தலைவர் அவர்களே, பெரும் பொருளாளர் அவர்களே, தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, நான்கு வருடங்களையும் சேர்ந்த உறுப்பினர்களே, வணக்கம்.

2024 ஏப்ரல் தொடக்கம் 2025 மார்ச் வரையான எமது மன்றத்தின் நடவடிக்கைகளைச் சபையின் முன் வைக்கிறேன். கணக்கறிக்கையை இளம் பொருளாளர் தனியே வாசிப்பார். காசு விவரத்துக்காக மட்டும் வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்திருங்கள்.

முதலாம் வருடத்தார் இந்த முறைதான் முதன்முதலாக வாக்குரிமையோடு பொதுக்கூட்டத்தில் அமர்ந்திருக்கிறார்கள். மன்றம் என்றால் என்ன, பீடத்து மாணவர் ஒன்றியம் என்றால் என்ன, இரண்டும் ஒன்றா என்று அவர்களில் பலர் என்னிடம் கேட்டார்கள். ஒன்றல்ல. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தில் இடம்பெறும் மாணவர் ஒன்றியம் எல்லா மாணவருக்கும் பொதுவானது. நிர்வாகத்தோடு பேரம் பேசுவது, வகுப்புப் புறக்கணிப்பு அறிவிப்பது எல்லாம் அதன் வேலை. நாம் பல்கலைக்கழகம் அங்கீகரித்த ஒரு மன்றம், அவ்வளவுதான். பெரும் பொருளாளராக விரிவுரையாளர் ஒருவர் இருப்பார். அவருடைய கையொப்பம் இல்லாமல் ஒரு காசோலைகூட வெளியே போகாது. அதிகாரம் என்று சொல்லிக்கொள்ள எம்மிடம் இருப்பது ஒரு கடிதத் தாளும் ஒரு ரப்பர் முத்திரையும்தான். அவற்றை வைத்து எவ்வளவு செய்யலாம் என்பதைத்தான் இந்த வருடம் பார்த்தோம்.

வருடம் நல்லபடியாகத் தொடங்கவில்லை. 2024 மே தொடக்கத்தில் நாடு முழுவதும் பல்கலைக்கழகக் கல்விசாரா ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஜூலை நடுப்பகுதி தாண்டும்வரை அது நீடித்தது. நூலகம் பூட்டு, அலுவலகங்கள் பூட்டு, பரீட்சை வேலைகள் அப்படியே நின்றன. ஊருக்குப் போனால் வகுப்புகள் திடீரென்று தொடங்கிவிடுமோ என்ற பயம்; இங்கேயே இருந்தால் போடிங்குக்கு (வெளியே எடுத்துத் தங்கும் அறைக்கு) வாடகை. மன்றத்தின் வேலைத்திட்டம் என்று ஏப்ரலில் தட்டச்சு செய்து வைத்திருந்த தாளில் பாதியை அப்போதே வெட்டிவிட்டோம். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை.

ஜூலை இறுதியில் எல்லோரும் திரும்பிய பிறகு நாங்கள் செய்த முதல் வேலை, செயற்குழுக் கூட்டத்தின் நேரத்தை மாற்றியது. சின்ன விஷயம் போலத் தெரியும். அதற்கு முன்பு கூட்டம் மாலை ஏழு மணிக்குக் கொழும்பு வெள்ளவத்தையில் யாராவது ஒரு அண்ணாவின் போடிங்கில் நடக்கும். தேத்தண்ணி, ரோல்ஸ், காலி வீதியில் கடைசி பஸ் பற்றிய கவலை, அப்புறம் தீர்மானம். விடுதியில் இருக்கும் பெண்கள் அந்த நேரத்தில் வெளியே வர முடியாது. போடிங்கில் இருப்பவர்களுக்கு வீட்டுக்காரர் கேற் பூட்டிவிடுவார். வத்தளையிலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் தினமும் வந்து போகிறவர்கள் ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவார்கள். எமது உறுப்பினர்களில் பெண்கள்தான் அதிகம். பழைய அறிக்கைப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். ‘சமுகமளிக்க முடியாமைக்கு மன்னிப்புக் கோரியோர்’ என்ற தலைப்பின் கீழ் கூட்டத்துக்குக் கூட்டம் அதே பெண்களின் பெயர்கள். அவர்கள் கோர வேண்டிய மன்னிப்பு என்ன என்று எனக்கு விளங்கவில்லை.

ஓகஸ்டிலிருந்து கூட்டம் பகல் 12.30க்கு, வெறுமையாக இருக்கும் ஒரு விரிவுரை மண்டபத்தில் நடக்கிறது. சாப்பாட்டு நேரம் என்று முணுமுணுப்பு வந்தது. பார்சலோடு வாருங்கள் என்றோம். வந்தார்கள். கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லை என்று ஒரு கூட்டமும் அதற்குப் பிறகு ஒத்திவைக்கப்படவில்லை. அரை மணித்தியாலத்தில் முடிக்க வேண்டியிருப்பதால் பேச்சும் குறைந்துவிட்டது. இது எதிர்பாராத இலாபம். ஆனால் முக்கியமானது வேறு. யார் கூட்டத்தில் இருக்கிறார்களோ அவர்களுடைய பிரச்சினைதான் நிகழ்ச்சி நிரலில் ஏறும். ஏழு மணிக் கூட்டங்களில் கலைவிழா மேடையும் கிரிக்கெட் சுற்றுப்போட்டியும் பேசப்பட்டன. பன்னிரண்டரை மணிக் கூட்டங்களில் போடிங், புலமைப்பரிசில், ஆங்கிலத்தில் விளங்காத விரிவுரை ஆகியவை வந்தன. இந்த அறிக்கையின் மிகுதி முழுவதும் அப்படி வந்த விஷயங்கள்தான்.

முதலில் குப்பி, அதாவது சீனியர்கள் ஜூனியர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு. உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு வந்த ஒருவருக்கு, முதல் வாரத்திலேயே ஆங்கில விரிவுரை தலைக்கு மேலால் போகும். கேட்கவும் கூச்சம். இங்கே சீனியர்கள் ஜூனியர்களுக்குக் குப்பி எடுப்பது புதிதல்ல. ஆனால் அது யாருக்கு யாரைத் தெரியும் என்பதைப் பொறுத்து நடந்தது. ஊர்க்காரர், பாடசாலைக்காரர் என்று தொடர்பு உள்ளவருக்கு குப்பி கிடைக்கும். நுவரெலியாவிலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ தனியாக வந்தவருக்குக் கிடைக்காது. அனுமதி முறையை நினைத்துப் பாருங்கள். 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்டத் திறமை, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்கள். ஒரே வகுப்பில் இருபது பேர் பழைய மாணவர் சங்கத்தோடு வந்திருக்க, ஒருவர் தன் பாடசாலையிலிருந்து தெரிவான ஒரே ஆளாக உட்கார்ந்திருப்பார். அதனால் குப்பிக்கான நேரத்தையும் இடத்தையும் மன்றமே அறிவிப்பது என்று முடிவெடுத்தோம். பாடத்துக்கு ஒரு பொறுப்பாளர். பரீட்சைக்கு மூன்று வாரத்துக்கு முன்பு கடந்தகால வினாத்தாள் குப்பி. குப்பி எடுத்தவர்களுக்கு மன்றம் கொடுத்தது ஒரு பிளேன்ரீயும் நன்றியும்தான். சிலர் மார்க்கர் பேனையைக்கூடச் சொந்தக் காசில் வாங்கினார்கள்.

அடுத்தது மஹாபொல புலமைப்பரிசில். 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த நிதியம் அது. எம்மில் கணிசமானோர் மாதச் செலவை அதையும் பேர்சரி என்ற உதவித்தொகையையும் நம்பித்தான் ஓட்டுகிறோம். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மஹாபொல 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும், பேர்சரி 4,000 ரூபாவிலிருந்து 6,500 ஆகவும் ஏப்ரல் முதல் உயரும் என்று பெப்ரவரி 17 அன்று அறிவிக்கப்பட்டது. நல்ல செய்தி. வெள்ளவத்தையில் பகிர்ந்து எடுக்கும் ஓர் அறையின் வாடகைக்கு அது இன்னும் எட்டாது என்பதையும் பதிவில் வைக்க விரும்புகிறேன்.

தொகையைவிடப் படிவம்தான் எமக்குத் தலையிடி. மலையகத்திலிருந்து வந்த தங்கை ஒருவரின் பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில், தோட்டத்தில் பதிந்தவர் காதில் விழுந்தபடி எழுதியது. அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து. உயர்தரப் பெறுபேற்றில் அப்பாவின் பெயர் முதலெழுத்தாக இருக்கிறது. வங்கிப் புத்தகத்தில் அதுவே முழுப் பெயராக, கடைசியில். நான்கு ஆவணம், நான்கு ஆட்கள் போல. ஒவ்வோர் இடத்திலும் ‘அடுத்த கவுண்டர்’ என்றார்கள். கடைசியில் சமாதான நீதவான் ஒருவரிடம் சத்தியக் கடதாசி முடித்து, கிராம சேவகரின் கடிதத்தையும் ஊரிலிருந்து எடுப்பித்து இணைத்த பிறகுதான் சரிவந்தது. இதைப் பார்த்த பிறகு, துணைச் செயலாளர் அக்கா ஒரு மாதிரிக் கோவையே செய்துவிட்டார்: எந்தப் பெயர் வித்தியாசத்துக்கு எந்தக் கடிதம், எங்கே கையொப்பம், எத்தனை போட்டோக் கொப்பி. விண்ணப்பக் காலத்தில் அதை வைத்துக்கொண்டு கன்டீனுக்குப் பக்கத்து வாங்கில் தினமும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சிங்கள நண்பர்கள் சிலரும் வந்து கேட்டுப் போனார்கள். பெயர்க் குழப்பம் எல்லோருக்கும் பொதுவானது.

அறிவித்தல் மொழிபெயர்ப்புப் பற்றியும் சொல்ல வேண்டும். பீடத்து அறிவித்தல்கள் பல சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் ஒட்டப்படுகின்றன. தமிழிலும் வேண்டும் என்று எழுத்தில் கேட்டோம். ஆளில்லை என்று பதில் வந்தது. சரி, ஆள் நாங்கள் தருகிறோம், பார்த்து முத்திரை மட்டும் குத்துங்கள் என்று திரும்பவும் எழுதினோம். இப்போது விடுதி விண்ணப்பம், பரீட்சைப் பதிவு, கட்டணத் திகதி ஆகிய மூன்றுக்கும் தமிழ்ப் பிரதி வருகிறது. மற்றவற்றுக்கு இன்னும் எமது வட்ஸ்அப் குழுதான். அலுவலகத்தின் வேலையை மாணவர் இலவசமாகச் செய்வது சரியா என்று ஒரு உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. நிரந்தரத் தீர்வுக்கு மாணவர் ஒன்றியத்தோடு சேர்ந்து கேட்பதே வழி என்பது என் எண்ணம்.

செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல், நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல். மாணவருக்குத் தபால் வாக்கு இல்லை; வாக்களிக்க வேண்டுமென்றால் ஊருக்குப் போகத்தான் வேண்டும். இரண்டு தடவையும் பஸ் ஆசனப் பதிவை மன்றம் ஒழுங்குசெய்தது. யாருக்கு வாக்களிப்பது என்பதில் மன்றம் வாய் திறக்கவில்லை, திறக்கச் சொல்லி வந்தவர்களுக்கும் அதையே சொல்லி அனுப்பினோம். மறுநாள் போயா (பௌர்ணமி) விடுமுறை என்பதால் நவம்பரில் ஊருக்குப் போனவர்கள் அதிகம்.

அந்த மாத இறுதியில் வந்த வெள்ளத்தை எல்லோரும் அறிவோம். கிழக்கில் ஊர்கள் தண்ணீரில் நின்றன. நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சையே இடைநிறுத்தப்பட்டது. உலருணவு சேர்த்தோம், அனுப்பினோம். எல்லா அமைப்புகளும் செய்ததுதான். மட்டக்களப்பு உறுப்பினர் ஒருவர்தான் வேறொன்றைச் சொன்னார்: அரிசி எல்லாரும் கொடுப்பார்கள், பரீட்சை எழுதும் பிள்ளைகளின் கொப்பிகள் நனைந்து போய்விட்டன, அதற்கு யாரிடமும் பதில் இல்லை என்று. பரீட்சை டிசம்பர் 4 அன்று மீண்டும் தொடங்குமுன் எமது உறுப்பினர்கள் தங்கள் பழைய உயர்தரக் குறிப்புகளைத் தேடியெடுத்து, பாடவாரியாகப் படம் பிடித்து அனுப்பினார்கள். அச்செடுத்துப் பகிர்ந்தது அங்கிருந்த ஆசிரியர்கள். லொறியில் மன்றத்தின் பனர் கட்டுவதா என்று ஒரு விவாதம் நடந்தது. கட்டவில்லை. அதில் சிலருக்கு இன்னும் வருத்தம் உண்டு.

பொங்கல் விழா ஜனவரியில் வழமைபோல. மார்ச்சில் இப்தார், முஸ்லிம் உறுப்பினர்களின் பொறுப்பில் சிறப்பாக நடந்தது. கஞ்சி போதவில்லை என்பதே ஒரே முறைப்பாடு. இதழ் அச்சுக்குப் போகவில்லை, ஆக்கங்கள் இதழாசிரியரிடம் இருக்கின்றன.

இனி யாப்புத் திருத்தம், அதாவது மன்றத்தின் விதிகளில் செய்த மாற்றம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்னும் சிறிது நேரத்தில் அதன்படிதான் தெரிவு நடக்கப்போகிறது.

இதுவரை எப்படி நடந்தது? பொதுக்கூட்டத்துக்கு முதல்நாள் இரவே பட்டியல் தயாராகிவிடும். மறுநாள் ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், எல்லோரும் கைதட்டுவோம், ‘ஏகமனதாகத் தெரிவுசெய்யப்பட்டார்’ என்று செயலாளர் எழுதுவார். யாழ்ப்பாணத்துக்குத் தலைவர் என்றால் மட்டக்களப்புக்குச் செயலாளர், மலையகத்துக்கு ஒரு ‘துணை’. மன்னாருக்கும் புத்தளத்துக்கும் பெரும்பாலும் கைதட்டும் உரிமை. இந்த முறைக்கும் ஒரு நியாயம் இருந்தது: போட்டி வந்தால் ஊர் ஊராகப் பிரிவோம், வருடம் முழுக்க முகம் பார்க்க மாட்டோம் என்று மூத்தவர்கள் பயந்தார்கள். ஆனால் ஊர் ஊராகப் பங்கு பிரிப்பதும் பிரிவினைதான். சத்தமில்லாமல் நடப்பது மட்டுமே வித்தியாசம்.

திருத்தத்தின்படி வேட்புமனு எழுத்தில் வரவேண்டும், இரகசிய வாக்கெடுப்பு நடக்கும், போட்டியிடாத நான்காம் வருட மாணவர் ஒருவர் பெரும் பொருளாளரின் மேற்பார்வையில் எண்ணுவார். இதற்கு எதிர்ப்பு அதிகமில்லை. முதலாம் வருடத்தாருக்கு வாக்கு என்ற இரண்டாவது திருத்தத்துக்குத்தான் சூடு பறந்தது. வந்து சில மாதம்தான், யார் எவர் என்றே தெரியாது என்றார்கள். வரவேற்பு முடியும்வரை ஜூனியர்களை மன்றத்துக்குக் கூப்பிடுவது வழக்கமில்லை என்றும் ஒருவர் சொன்னார். வரவேற்பு என்ற பெயரில் நடக்கும் பகிடிவதை (ராகிங்) 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். ‘அந்தக் காலம் முடியட்டும், பிறகு வரட்டும்’ என்று ஒரு மன்றம் காத்திருப்பது, அப்படியொரு காலம் உண்டு என்று ஒத்துக்கொள்வதாகும் என்பது செயற்குழுவின் நிலைப்பாடு. விசேட பொதுக்கூட்டத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு திருத்தம் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்தவர்கள் தங்கள் காரணத்தை அறிக்கையில் பதியும்படி கேட்டார்கள். சொல்லுக்குச் சொல் பதியப்பட்டுள்ளது. அவர்களில் இருவர் இன்று வேட்புமனு தந்திருப்பதைக் காணச் சந்தோசம்.

புதிய செயற்குழுவிடம் சில வேலைகள் மிச்சமாகப் போகின்றன. வங்கிக் கணக்கின் கையொப்பக்காரர்களை உடனே மாற்றுங்கள். நாங்கள் அதைப் பிந்தித் தொடங்கியவர்களிடமிருந்து பொறுப்பெடுத்ததால் இரண்டு மாதம் கைக்காசில் ஓடினோம். போடிங் விவரப் பட்டியலை வருடம் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்: வாடகை, முற்பணம், தண்ணீர் மின்சாரம் சேர்த்தா தனியா, முற்பணம் திரும்பக் கிடைத்ததா என்பவை அதில் உண்டு. கடைசிக் கேள்விக்கான பதில்களை வாசித்துவிட்டு அறை தேடுங்கள். அலுமாரியின் ஒரு சாவி என்னிடம், மற்றது இளம் பொருளாளரிடம். பொங்கலுக்கு எடுத்த பெரிய பானை இன்னும் விடுதிச் சமையலறையில் இருக்கிறது, எமது பெயர் அடியில் எழுதப்பட்டிருக்கிறது.

பெருந்தலைவருக்கும், ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் திருப்பிப் பார்த்துக் கையொப்பமிட்ட பெரும் பொருளாளருக்கும், மண்டபம் திறந்து தந்த ஊழியர்களுக்கும், குப்பி எடுத்த எல்லோருக்கும் நன்றி. வாக்குச்சீட்டு வாங்கும்போது மாணவர் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். இந்த அறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்
கொழும்பு