மூன்றாம் பிரிவு

காரைக்குடி
தை 15

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. பொங்கலன்று உன் கையில் இரட்டை வளையல் இல்லாததை அவள்தான் முதலில் பார்த்தாள். லேபில் ஆசிட் படும் என்று கழற்றி வைத்ததாகச் சொன்னாய். நல்லதுதான். நான் எழுத வந்தது வேறு.

மேலவீட்டு மாமா உதவித்தொகை எவ்வளவு வருகிறது என்று கேட்டார். 'வருது மாமா' என்றாய், உடனே அடுப்படிக்குப் போய்விட்டாய். பணம் அனுப்பட்டுமா என்றால் போனை வைத்துவிடுகிறாய். அதனால் நான் கேட்கப் போவதில்லை. 26 வருஷம் ஆய்வு உதவித்தொகை பார்க்கிற ஃபெல்லோஷிப் செக்‌ஷனில் இருந்தவன், தெரிந்ததை எழுதி வைக்கிறேன். சாப்பிட்டுவிட்டு, பொறுமையாகப் படி.

நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப், அதாவது இளநிலை ஆய்வு உதவித்தொகை, வந்தால் முதல் 2 ஆண்டு மாதம் 37,000. பிறகு வெளி நிபுணரோடு கமிட்டி உட்கார்ந்து வேலையைப் பார்த்து முதுநிலை உதவித்தொகையான எஸ்ஆர்எஃப் ஆக்கினால் 42,000. எல்லாம் சேர்த்து 5 ஆண்டு. 2023 ஜனவரியிலிருந்து இந்த விகிதம். வீட்டு வாடகைப்படி தனி, ஆனால் விடுதி அறையில் இருந்தால் கிடையாது. 2024 ஜூன் தேர்விலிருந்து மூன்று பிரிவாகத் தேர்ச்சி போடுகிறார்கள். முதல் பிரிவுக்குத்தான் ஜேஆர்எஃப். இரண்டாவது, உதவிப் பேராசிரியர் தகுதியும் பிஎச்டி சேர்க்கையும். மூன்றாவது, சேர்க்கை மட்டும். நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று கணக்கிட்டு இடம் தருவார்கள், பணம் ஒரு ரூபாய் வராது. நெட் பாஸ் என்றாலே மாதாமாதம் பணம் வரும் என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள்.

பதிவு செய்து சேர்ந்த பிறகும் நெட் எழுதலாம். ஜூன் தேர்வுக்குப் படிவம் போடு. வேதியியல் தாளில் 200க்கு 100 மார்க் சி பகுதியில்தான். 60 கேள்வியில் 25 எழுதினால் போதும், ஒன்றுக்கு 4 மார்க், தப்பானால் 1 போகும். 25க்கு மேல் எழுதினால் முதல் 25ஐத்தான் திருத்துவார்கள், அதனால் சந்தேகமானதை முதலில் தொடாதே. ஏ பகுதியில் 20 கேள்வியில் 15 எழுத வேண்டும், பொதுத்திறன் கணக்கு. அதை அலட்சியமாக விட்டு மார்க் இழக்கிற வேதியியல் பிள்ளைகள் நிறைய. நீயும் விட்டாய் என்று எனக்குத் தோன்றுகிறது.

மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகையை நினைத்து இன்னும் குமையாதே. அது எம்எஸ்சியில் பல்கலைக்கழக முதல் ரேங்குக்கு. நீ இரண்டாவது. எங்களுக்கு அதுவே பெருமை, அந்த மார்க் லிஸ்ட் இன்னும் பூஜை அலமாரியில்தான் இருக்கிறது.

நெட் இல்லாமலே உனக்குத் திறந்திருக்கிற கதவு ஒன்று உண்டு: பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் சாவித்ரிபாய் ஜோதிராவ் புலே ஃபெல்லோஷிப். உடன்பிறப்பு இல்லாத ஒரே பெண், முழுநேரப் பிஎச்டி, இவ்வளவுதான் அடிப்படை. பகுதிநேரம் என்றால் கிடையாது. தொகை ஜேஆர்எஃப் அளவேதான். அதற்கு மேல் அறிவியல் மாணவிக்குச் ஆய்வுச் செலவுத்தொகை முதல் 2 ஆண்டு வருஷத்துக்கு 12,000 வீதம், பிறகு வருஷத்துக்கு 25,000 வீதம். அறிவிப்பு வந்த வாரமே போடு, கடைசி நாளில் தளம் திறக்காது. கிடைத்த பிறகு மாதாமாதம் உன் பல்கலைக்கழகத்தில் மேக்கர் என்கிற அலுவலர் உன் விவரத்தைத் தளத்தில் ஏற்றி, செக்கர் என்கிறவர் உறுதி செய்தால்தான் பணம் நகரும். பணம் வராவிட்டால் டெல்லிக்கு எழுதாதே, முதலில் உங்கள் செக்‌ஷனுக்குப் போய் எந்த மாதம் ஏற்றவில்லை என்று பார். ஒரே நேரத்தில் இரண்டு உதவித்தொகை வாங்காதே, கண்டுபிடித்தால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

கைடுக்கு மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பான ஏஎன்ஆர்எஃப் பிராஜெக்ட் கிடைத்தால் அதில் ஜேஆர்எஃப் இடம் இருக்கும். அதற்கு நெட் உதவிப் பேராசிரியர் தகுதி அல்லது கேட் தேர்வு மதிப்பெண் வேண்டும். கேட் படிவம் ஆகஸ்ட் வாக்கில் வரும், மதிப்பெண் 3 ஆண்டு செல்லும். பிராஜெக்ட் பெரும்பாலும் 3 ஆண்டில் முடிந்துவிடும், பிஎச்டி முடியாது. அந்த இடைவெளிக்குத்தான் மத்திய அறிவியல் ஆராய்ச்சி மன்றமான சிஎஸ்ஐஆரின் நேரடி எஸ்ஆர்எஃப். எம்எஸ்சிக்குப் பிறகு 2 ஆண்டு ஆய்வு, எஸ்சிஐ என்கிற ஆய்விதழ்ப் பட்டியலில் உள்ள இதழில் ஒரு கட்டுரையாவது வேண்டும். சேர்ந்த தேதிக்கான கடிதத்தைப் பத்திரமாக வை, அந்த 2 ஆண்டை அதைக் காட்டித்தான் நிரூபிக்க வேண்டும். மாநில அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு 2023இல் ஆசிரியர் தேர்வு வாரியமான டிஆர்பி தேர்வு வைத்தது, அதையும் கவனி.

சிலிக்கா ஜெல், எத்தில் அசிடேட், என்எம்ஆர் சோதனைக்கு டியூட்டரேட்டட் குளோரோஃபார்ம், இந்த லேப் சாமானெல்லாம் யார் காசில் வருகிறது? உன் காசில் வாங்காதே. வாங்கியே தீர வேண்டுமானால் பில்லைத் துறையின் பெயரில் போடச் சொல். உன் பெயரில் இருந்தால் ஆடிட்டில் தள்ளிவிடுவார்கள். சாம்பிளைக் கருவிச் சோதனை செய்து தரும் சைஃப் மையத்துக்கு அனுப்பும்போது கைடு கையெழுத்திட்ட படிவத்தோடு அனுப்பு, கல்வி நிறுவனக் கட்டணம் வேறு, தொழிற்சாலைக் கட்டணம் வேறு.

ஜூன் நெட் படிவத்தை மறக்காதே.

இதெல்லாம் ஒரு வருஷம் முன்னால் சொல்லியிருக்க வேண்டியவை. ரிசல்ட் வந்த அன்று உன் ஸ்கோர் கார்டை நான்தான் பிரின்ட் எடுத்து வந்தேன். மூன்றாம் பிரிவு என்று பார்த்த உடனே புரிந்துவிட்டது. வீட்டில் எல்லாரும் லட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா உன் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை. இந்த மதிப்பெண் ஒரு வருஷம்தான் செல்லும், சீக்கிரம் சேர்ந்துவிடு என்றேன். இன்னொரு தடவை எழுதிவிட்டுச் சேரலாமா அப்பா என்று நீ கேட்டாய். நீ வீட்டில் உட்கார்ந்திருந்தால் நாலு பேர் கேட்பார்களே என்றுதான் நான் யோசித்தேன். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கவுன்டரில் நின்று விளக்கிச் சொன்னவன், உனக்கு மறைத்தேன். நீ அந்த அறையில் பணமில்லாமல் இருப்பதற்கு நான்தான் காரணம், நீ இல்லை. அதனால் என்னிடம் மறைக்கவும் வேண்டியதில்லை.

ஒரே பெண் என்ற உறுதிமொழியை 100 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி, நானும் அம்மாவும் கையெழுத்துப் போட்டு, தாசில்தாரிடம் சான்றொப்பம் வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். மடிக்காமல் ஸ்கேன் எடு. என்னிடமிருந்து மாதம் 10,000 உன் கணக்குக்கு வரும், மெஸ்ஸுக்கு மட்டும், சிலிக்கா ஜெல்லுக்கு இல்லை.

வளையல் எங்கே இருந்தாலும் சீட்டைத் தொலைத்துவிடாதே. கெடு தேதியை மட்டும் எனக்கு அனுப்பு. அம்மாவிடம் சொல்லமாட்டேன்.

அப்பா