ஈ4 என்று அச்சடிக்கும் முன்: மரபணுச் சோதனை நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

உமிழ்நீரை வாங்கிக்கொண்டு மரபணு ரிப்போர்ட் அனுப்பும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். எங்கள் குடும்பத்தில் யார் உங்கள் சோதனையைச் செய்தாலும், "இது என்னன்னு கொஞ்சம் பாரு" என்று ரிப்போர்ட் கடைசியில் என் கைக்குத்தான் வரும். நான் மருத்துவர் இல்லை. உட்கார்ந்து படிக்கப் பொறுமை உண்டு, அவ்வளவுதான். நான் பார்த்த ரிப்போர்ட்டுகளில் எல்லாம் ஒரே குறை. ஏபிஓஈ (APOE) என்ற மரபணுவில் ஈ4 என்ற வடிவம் இருந்தால் மறதிநோய்ப் பக்கத்தில் சிவப்பில் போடுகிறீர்கள். அதே ஈ4 இதயத்துக்கு என்ன செய்யும் என்பது எங்கோ பின்னால் இரண்டு வரி. சிலவற்றில் அதுவும் இல்லை.

அந்த மரபணு உருவாக்கும் புரதத்தின் முக்கிய வேலையே ரத்தத்திலும் மூளையிலும் கொழுப்பைச் சுமந்து செல்வதுதான். 299 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் புரதத்தில் ஈ2, ஈ3, ஈ4 வடிவங்கள் வேறுபடுவது 112ஆவது, 158ஆவது என்ற இரண்டே இடங்களில். ஈ4இல் இரண்டிலும் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம், ஈ2இல் இரண்டிலும் சிஸ்டீன் என்ற இன்னொன்று, பலருக்கும் இருக்கும் ஈ3இல் முதலில் சிஸ்டீன், அடுத்ததில் ஆர்ஜினின். இவ்வளவு சின்ன மாற்றத்துக்கே ஈ4 உள்ளவர்களுக்கு எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் சராசரியாகச் சற்றுக் கூடுகிறது, இதயநோய் அபாயமும் கொஞ்சம் ஏறுகிறது. அல்சைமர் என்ற மறதிநோயோடு ஈ4க்குள்ள தொடர்பு வெளியே வந்தது 1993இல். கொலஸ்ட்ரால் சங்கதி அதற்கு முன்பே தெரிந்ததுதான்.

ஈ2 இருந்தால் உடனே பச்சை நிறம்! மறதிநோயைப் பொறுத்தவரை சரி. ஆனால் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வரும் இரண்டு பிரதியும் ஈ2 ஆக உள்ளவர்களில் சிலருக்கு ரத்தக் கொழுப்பு தாறுமாறாக ஏறி, ரத்தக்குழாய் நோய் சீக்கிரமே வரும்.

அப்புறம் அந்த மடங்குக் கணக்கு. ஈ4 ஒரு பிரதி இருந்தால் அல்சைமர் அபாயம் சுமார் 3 மடங்கு, இரண்டு இருந்தால் 8 முதல் 12 மடங்கு. எதைவிட மூன்று மடங்கு? எந்த வயதில்? இந்த எண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் எடுத்தவை. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் ஈ4இன் தாக்கம் குறைவு, கிழக்கு ஆசியர்களிடம் கூடுதல். ஈ4 இருந்தும் கடைசிவரை தெளிவாக இருப்பவர்கள் உண்டு. அது இல்லாமலே அல்சைமர் வந்தவர்களும் ஏராளம்.

முடிவைச் சொன்னால் யாரும் பயப்பட மாட்டார்கள் என்பதற்கு 2009இல் வந்த ஆய்வைக் காட்டுவீர்கள். உண்மைதான், ஈ4 முடிவைக் கேட்டவர்கள் பெரிதாக உடைந்துபோகவில்லை. ஆனால் அங்கே மரபணு ஆலோசகர் எதிரில் உட்கார்ந்து சொன்னார். ராத்திரி பதினொரு மணிக்குப் போனில் வந்து விழவில்லை.

இதயத்தை முன்னால் வைக்கச் சொல்வதற்குக் காரணம், அங்கே கையில் பிடிக்க ஏதோ இருக்கிறது. எல்டிஎல்லை அளக்கலாம், குறைக்கலாம். எல்டிஎல் அளவோடு தொடர்புள்ள பிசிஎஸ்கே9 (PCSK9) என்ற மரபணுவில் ஒரு மாற்றத்தால் பிறவியிலேயே எல்டிஎல் 28% குறைந்திருந்த கறுப்பின அமெரிக்கர்களுக்கு இதயநோய் அபாயம் 88% குறைவு என்று 2006இல் ஓர் ஆய்வு காட்டியது. அந்த வழியைப் பின்பற்றி மருந்துகளும் வந்துவிட்டன. மறதிநோய்க்கான மாற்றத்தக்க 14 காரணிகளை 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் பட்டியலிட்டபோது, நடுவயதில் கூடும் எல்டிஎல்லையும் புதிதாகச் சேர்த்தது. இதயத்துக்குச் செய்வது மூளைக்கும் போய்ச் சேரலாம் என்றுதானே அர்த்தம்?

ஆகவே இரண்டையும் ஒரே பக்கத்தில் போடுங்கள். மறதிநோய் முடிவைப் பூட்டி வைத்து, பார்க்க விருப்பமா என்று கேட்ட பிறகு திறங்கள். பேச ஓர் ஆலோசகரின் எண்ணும் அங்கேயே இருக்கட்டும். "எல்டிஎல் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" என்ற ஒரு வரியை ஈ4க்குப் பக்கத்தில் அச்சடிக்க உங்களுக்கு என்ன தடை? அதற்கு மட்டுமாவது பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
வீட்டார் ரிப்போர்ட்டுகளைப் படித்துச் சொல்லும் ஒருவன்