காலாண்டு விடுமுறையும் பள்ளி வாசலும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விடைத்தாள்கள் விடுமுறைக்குப் பின் தரப்படும். குறுவட்டக் கைப்பந்துப் போட்டியில் நம் மாணவியர் இரண்டாமிடம் பெற்றார்கள். சுதந்திர தின விழாவும் ஆசிரியர் தின விழாவும் சிறப்பாக நடந்தன. கழிப்பறைக் குழாய்களை மாற்றிவிட்டோம். உழைத்த அனைவருக்கும் நன்றி.

செப்டம்பர் 21 உலக அமைதி நாள், 1981-இல் ஐ.நா. பொதுச் சபை ஏற்படுத்தியது. அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி சடாகோ சசாகியைப் பற்றிப் பேசினாள். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது சடாகோவுக்கு 2 வயது. பிறகு ரத்தப் புற்றுநோய் வந்து மருத்துவமனையில் கிடந்தபோது, ஆயிரம் கொக்கு மடித்தால் நினைத்தது நடக்கும் என்ற ஜப்பானிய நம்பிக்கையில் காகிதக் கொக்குகளை மடித்துக்கொண்டே இருந்தாள். 1955-இல், 12 வயதில் இறந்துபோனாள். ஜப்பான் முழுவதும் பள்ளிப் பிள்ளைகள் காசு சேர்த்ததில் 1958-இல் அவள் நினைவாகச் சின்னம் எழுந்தது. “குண்டு போட்டது பெரியவர்கள், காசு சேர்த்தது பிள்ளைகளா?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தில் இருக்கும் அமைதி மணி, 60 நாட்டு மக்கள் கொடுத்த நாணயங்களை உருக்கி ஜப்பானில் வார்த்தது. நம்மிடம் இருப்பது மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டு. அதைத்தான் அடித்தோம். பிறகு பிள்ளைகள் தினசரி காலண்டர் தாள்களைச் சதுரமாக வெட்டி, கொக்குகள் மடித்து, நூலில் கோத்து வாயிற்கதவில் கட்டினார்கள். ஒரு கொக்கின் இறக்கையில் “ரிஷபம் - பகை” என்று ராசிபலன் தெரிந்தது. எல்லோரும் சிரித்தோம்.

அன்று மாலை 4.10-க்கு அதே கதவருகே இரண்டு வண்டிகளின் கைப்பிடிகள் உரசின. யார் முந்தினார், யார் பிந்தினார் என்று நான் விசாரிக்கப் போவதில்லை. ஹாரன், கூச்சல், சட்டைப் பிடி. சமாதானம் செய்ய வந்தவர்களும் கட்சி சேர்ந்துவிட்டார்கள். நூல் அறுந்து கொக்குகள் டயருக்கு அடியில் போயின. புத்தகப் பையோடு நின்றிருந்த பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்த்தார்கள்.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. வேலையைப் பாதியில் விட்டு வெயிலில் ஓடிவருகிறீர்கள். வாசல் குறுகல். 300 பிள்ளைகளை ஒரே கதவு வழியாக ஒரே நேரத்தில் விடுவது எங்கள் ஏற்பாட்டில் உள்ள குறைதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கூச்சலுக்கு நடுவே “நீ எந்தத் தெரு?” என்று ஒரு குரல் கேட்டது. அந்தக் கேள்வியின் பொருள் நம் எல்லோருக்கும் தெரியும். இரவு 11 மணி வரை வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் அதே பேச்சு ஓடியது. இதை நான் பொறுத்துக்கொள்ள மாட்டேன். இனி ஒருமுறை இந்த வாசலில் அந்தக் கேள்வி எழுந்தால், கேட்டவர் யாராக இருந்தாலும் காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். வீட்டுப்பாடம் தவிர வேறு எதுவும் அந்தக் குழுவில் வரக் கூடாது.

மறுநாள் அந்த இரண்டு வீட்டுப் பையன்களும் வேறு வேறு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். “அப்பா பேசக் கூடாது என்றார்” என்றான் ஒருவன். பிள்ளைகள் காலையில் ‘டூ’ விட்டால் மதியச் சாப்பாட்டுக்குள் ‘பழம்’ விட்டுவிடுவார்கள். இது அவர்கள் விட்ட ‘டூ’ இல்லையே, எப்படி முடிப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அப்பாக்கள்தான் முடித்துவைக்க வேண்டும்.

பள்ளி திறந்ததும் 6 முதல் 8 வரையிலான வகுப்புகள் 4.10-க்கும், 9, 10-ஆம் வகுப்புகள் 4.25-க்கும் விடப்படும். வண்டிகளை எதிர்த் திடலில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, நடந்து வந்து அழைத்துச் செல்லுங்கள். ஹாரன் வேண்டாம். இடித்துவிட்டவர் “தெரியாமல் பட்டுவிட்டது” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மனத்தாங்கல் இருந்தால் என் அறைக்கு வாருங்கள், தேநீர் உண்டு.

பெரும்பாலானோர் பொறுமையாகத்தான் இருந்தீர்கள், அதற்கு நன்றி. வரிசை மாறாமல் காத்திருந்த ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் நன்றி. கூட்டம் கலைந்தபின், ஒரு பாட்டி குனிந்து நசுங்காத கொக்குகளைப் பொறுக்கி முந்தானையில் போட்டுக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். எண்ணிப் பார்த்தேன், 41 தேறின. இப்போது என் மேசை மேல் இருக்கின்றன.

மீதியைப் பிள்ளைகள் மீண்டும் மடிக்கப் போகிறார்கள். விடுமுறை முடிந்து வரும்போது கிழித்த காலண்டர் தாள்களைக் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்