கமலாவுக்கு, ராஸ்முஸன் நோய் பற்றி

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் கம்பில்லாமல் தெருமுனை வரை நடக்கிறாய் என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. மாடிப்படி இறங்கும்போது மட்டும் கைப்பிடியை விடாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவனுக்கு மதுரைக்கு மாற்றலாகிவிட்டது. குடும்பத்தோடு போய்விட்டதால் வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

மற்ற விசேஷங்களை அப்புறம் எழுதுகிறேன். உன்னோடு வேலை பார்த்த டீச்சரின் மகனைப் பற்றி எழுதியிருந்தாயே, அதற்காகத்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். பதினொரு வயசுப் பையன், வலது கன்னமும் வலது கையும் மாசக்கணக்கில் துடிக்கின்றன, ராஸ்முஸன் என்செஃபலைட்டிஸ் என்று சொல்லிவிட்டார்கள், ஆபரேஷன் என்றால் பாதி மூளையையே எடுத்துவிடுவார்களாமே, உன் தம்பி பேத்திக்கும் இதைத்தானே செய்தார்கள் என்று கேட்டிருந்தாய். ஆமாம், அதே நோய்தான். மூளையின் ஒரு பாதியில் மட்டும் அழற்சி வந்து, விடாத வலிப்போடு அந்தப் பாதி மெல்லச் சுருங்கிப்போகும். எங்கள் பிள்ளைக்கு வலது பக்க மூளையில் வந்தது. இந்தப் பையனுக்கு இடது பக்கம். மூளையின் ஒரு பக்கம் உடம்பின் மறுபக்கத்தை ஆட்டுவிக்கிறதால்தான் அவனுக்கு வலது கை துடிக்கிறது. அந்த ஒரு வித்தியாசம் ரொம்பப் பெரியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் பிள்ளைக்கு ஆறு வயசில் ஆரம்பித்தது. ஸ்கூலில் திடீரென்று ஃபிட்ஸ். காய்ச்சல் இல்லை, விழுந்து அடிபடவும் இல்லை. ஸ்கேனில் பெரிசாக ஒன்றும் தெரியவில்லை. மாத்திரை கொடுத்தார்கள். நின்ற மாதிரி இருந்து மறுபடி வந்தது. மாத்திரை ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றானது. அப்புறம்தான் இடது கை விரல்கள் துடிக்க ஆரம்பித்தன. நினைவு தப்பாது. பேசுவாள், சிரிப்பாள், சாப்பிடுவாள், விரல்கள் மட்டும் தம் பாட்டுக்கு வெட்டி வெட்டி இழுக்கும். தூக்கத்திலும் நிற்காது. ராத்திரியெல்லாம் அந்தக் கையில் கிடந்த கண்ணாடி வளையல்கள் கிணுகிணுத்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் அவள் அம்மா எழுந்து வளையல்களைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டாள். பகலில் பிள்ளை அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும், வகுப்பில் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று. இப்படி விடாமல் ஓடும் வலிப்பு இந்த நோய் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உண்டு. ஊரில் சொல்லாத காரணம் இல்லை. பிள்ளை எதையோ பார்த்துப் பயந்துவிட்டது என்றார்கள், திருஷ்டி என்றார்கள், பிரசவத்தில் கவனக்குறைவு என்று அவள் அம்மா காதுபடவே பேசினார்கள். இதில் எதுவும் காரணம் இல்லை. அந்த டீச்சரிடம் முதலில் இதைச் சொல். பெற்றவர்கள் செய்ததாலோ செய்யாமல் விட்டதாலோ வருகிற நோய் இல்லை இது. தொற்றவும் தொற்றாது.

ரொம்ப அபூர்வம் வேறு. ஜெர்மனியில் கணக்கெடுத்தபோது பதினெட்டு வயசுக்கு உட்பட்டவர்களில் ஒரு கோடிக்கு வருஷத்துக்கு 2.4 பேர் என்று வந்தது. அதனால்தான் பல டாக்டர்கள் படித்திருப்பார்களே தவிர, நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். கண்டுபிடிக்கத் தாமதமாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த நோய்க்குப் பெயர் வந்த கதையையும் சொல்கிறேன். கனடாவில் மாண்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தில் 1945இல் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற மூளை அறுவை டாக்டரிடம் பத்து வயசுப் பையன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். ஆறு வயசிலிருந்தே வலது பக்கம் இழுக்கும் வலிப்பு, எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. அவனையும் அவனைப்போல இன்னும் இரண்டு பேரையும் சேர்த்து, அங்கே இருந்த தியோடர் ராஸ்முஸன் தன்னோடு வேலை பார்த்த இருவருடன் 1958இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆபரேஷனில் எடுத்த மூளைத் திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தொற்று வந்த மூளை மாதிரி அழற்சி, ஆனால் ஒரே பக்கத்தில் மட்டும். நம் பக்கத்துக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு, கமலா. வேலூர் சி.எம்.சி.யில் 1949இல் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கினாரே ஜேக்கப் சாண்டி, அவர் பென்ஃபீல்டிடம் பயின்றவர். பிறகு சிகாகோவில் ராஸ்முஸனோடும் வேலை பார்த்தார். வலிப்புக்கு ஆபரேஷன் செய்யும் வித்தை அந்த வழியாகத்தான் நம் ஊருக்கு 1950களிலேயே வந்தது.

சரி, காரணம் என்ன? ராஸ்முஸன் வைரஸாக இருக்கும் என்று சந்தேகப்பட்டார். அதற்கப்புறம் பல வருஷம் பல வைரஸ்களைத் தேடிப் பார்த்தார்கள், எதையும் உறுதிப்படுத்த முடியவில்லை. 1994இல் அமெரிக்காவில் வேறு ஒரு விஷயம் வெளியானது. நரம்பணுக்களின் மேலுள்ள ஒரு புரதத்தை முயல்களுக்கு ஊசியில் ஏற்றியபோது, அவற்றின் உடம்பு அதைத் தாக்கும் எதிர்ப்புப் பொருளை, அதாவது ஆன்டிபாடியை, உண்டாக்கியது, முயல்களுக்கு வலிப்பும் வந்தது. அதே ஆன்டிபாடி இந்த நோயாளிகள் சிலரின் ரத்தத்திலும் இருந்தது. காரணம் கிடைத்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் போகப்போக மற்ற வலிப்பு நோயாளிகளிடமும் அது இருந்தது, இந்த நோய் வந்த பலரிடம் இல்லாமலும் இருந்தது. இன்றைக்கு வலுவாக நிற்கிற விளக்கம் வேறு. ரத்தத்தில் இருக்கும் டி செல்கள், கிருமி புகுந்த அணுக்களைக் கொல்ல வேண்டியவை, மூளைக்குள் போய் நல்ல நரம்பணுக்களில் ஒட்டிக்கொண்டு நஞ்சைச் செலுத்திக் கொன்றுவிடுகின்றன. வேலியே பயிரை மேய்கிற கதைதான். அவற்றை உசுப்பிவிடுவது எது, ஏன் ஒரு பக்கத்தோடு நிற்கிறது என்பது இன்னும் பிடிபடவில்லை. மறு பக்கத்துக்குத் தாவுவது மிக மிக அபூர்வம். அது ஒன்றுதான் இந்தக் கொடுமையில் கிடைத்த ஆறுதல். ஆபரேஷன் என்ற பேச்சுக்கே இடம் கிடைப்பதும் அதனால்தான்.

இப்போது மருந்து. வலிப்பு மாத்திரைகள் பெரிய ஃபிட்ஸைக் கொஞ்சம் குறைக்கும், துடிப்பை நிறுத்தாது. எங்கள் பிள்ளைக்கு ஸ்டெராய்டு கொடுத்தார்கள். முகம் உப்பி, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சோறு கேட்கும். தானம் கொடுத்தவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலினும் ஏற்றினார்கள். தம்பி அதற்காக நிலத்தை அடகு வைத்தான். சில இடங்களில், சிறுநீரக மாற்றுக்குப் பிறகு உடம்பின் எதிர்ப்பை அடக்கத் தருகிற டாக்ரோலிமஸ் மருந்தையும் தருகிறார்கள். 2013இல் ஜெர்மனியில் வெளியான ஓர் ஆய்வு இம்யூனோகுளோபுலினையும் டாக்ரோலிமஸையும் ஒப்பிட்டது. இரண்டுமே கைகால் பலம் போவதையும் மூளை சுருங்குவதையும் தாமதப்படுத்தின. ஆனால் வலிப்பு பெரும்பாலும் அடங்கவில்லை.

இந்த இடத்தைத்தான் அந்த டீச்சர் கவனமாக யோசிக்க வேண்டும். நோய் மெதுவானால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் வலிப்பு ஓடிக்கொண்டே இருக்கும். கை கொஞ்சம் வேலை செய்வதால் ஆபரேஷனுக்கு மனசு வராது. பிள்ளை நடுவில் மாட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டில் ஒரு வருஷத்துக்கு மேல் இப்படித்தான் போயிற்று. அந்த ஒரு வருஷத்தில் பெருக்கல் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொன்ன பிள்ளை கூட்டல் கணக்கில் திணறியது. வலிப்பு ஓடும் பாதி மூளை நல்ல பாதியையும் வேலை செய்ய விடுவதில்லை. ஆபரேஷன் கொடூரம் என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எனக்குக் கொடூரமாகப் பட்டது அந்தக் காத்திருப்புதான்.

பாதி மூளையை எடுத்துவிடுவார்கள் என்பது பழைய முறை. தென்னாப்பிரிக்காவில் ஜோஹன்னஸ்பர்க்கில் கிரைனா என்ற டாக்டர் 1950இல் பன்னிரண்டு பேருக்கு அப்படிச் செய்து வெளியிட்டார். வலிப்பு நின்றது, எல்லோரும் செய்ய ஆரம்பித்தார்கள். ஆனால் வருஷங்கள் கழித்து, காலியான அந்த இடத்தில் ரத்தம் கசிந்து கசிந்து இரும்புச் சத்து படிந்து சிலர் இறந்துபோனார்கள். அந்த ஆபரேஷனையே கைவிடுகிற நிலை வந்தது. அதற்கு வழி கண்டவரும் அதே ராஸ்முஸன்தான். 1970களில் அவர் மூளையை முழுக்க எடுக்காமல், நடுப்பகுதியையும் காதோரப் பகுதியையும் மட்டும் எடுத்து, முன்னும் பின்னும் உள்ள பகுதிகளை ரத்த ஓட்டத்தோடு அப்படியே விட்டு, மற்றதோடு இருந்த இணைப்புகளை மட்டும் துண்டித்தார். இன்றைக்கு இன்னும் குறைவாகவே எடுக்கிறார்கள். எங்கள் பிள்ளையின் தலைக்குள் வலது பாதி அங்கேயேதான் இருக்கிறது. ரத்தம் ஓடுகிறது. அதில் கிளம்பும் வலிப்பு வெளியே வர வழியில்லை, அவ்வளவுதான். நல்ல இடங்களில் செய்தால் பத்தில் ஆறேழு பேருக்காவது வலிப்பு நின்றுவிடுகிறது.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா ஆஸ்பத்திரியில் செய்தோம். நாகர்கோவிலிலிருந்து போய்வர எளிது, அவர்கள் 1995இலிருந்தே வலிப்புக்கு ஆபரேஷன் செய்கிறவர்கள். காலையில் உள்ளே போனவளை இருட்டிய பிறகுதான் பார்க்க விட்டார்கள். அப்புறம் சில நாள் விடாத காய்ச்சல். உள்ளே ரத்தம் கலந்திருப்பதால் வரும், கிருமி இல்லை என்று சொன்னார்கள். மூளைக்குள் தண்ணீர் கோர்த்துக்கொண்டால் குழாய் வைக்க வேண்டியிருக்கும் என்றும் சொல்லியிருந்தார்கள், நல்லவேளை தேவைப்படவில்லை. கண் விழித்ததிலிருந்து கை துடிக்கவில்லை. அது அசையவும் இல்லை.

இதை மறைக்காமல் சொல்கிறேன், நீயும் மறைக்காமல் சொல். இடது கை விரல்களால் இனி அவள் பொத்தான் போட முடியாது. தோளும் முழங்கையும் வந்தன, தட்டை அணைத்துப் பிடித்துக்கொள்வாள். கால் நன்றாகவே வந்தது. கணுக்காலுக்கு பிளாஸ்டிக் ஸ்ப்ளின்ட் மாட்டிக்கொண்டு நடக்கிறாள், ஓடவும் செய்கிறாள். இரண்டு கண்ணிலும் இடது பக்கப் பார்வை போய்விட்டது, அது திரும்பாது. ஆரம்பத்தில் பாடம் படிக்கும்போது வரியின் முதல் வார்த்தையை விட்டுவிட்டு நடுவிலிருந்து படிப்பாள், அர்த்தம் புரியாமல் அழுவாள். அவள் டீச்சர் ஒவ்வொரு பக்கத்திலும் இடது ஓரத்தில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு, அந்தக் கோடு தெரிகிற வரைக்கும் தலையைத் திருப்பு என்று பழக்கினார். இப்போது கோடு இல்லாமலே படிக்கிறாள். கணக்கும் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. போன வாரம் கடைக்குப் போய்வந்து மீதிச் சில்லறையை என்னிடம் சரியாக எண்ணிக் கொடுத்துவிட்டு, "ஆச்சி, அவங்க ரெண்டு ரூபா கூடக் கொடுத்துட்டாங்க" என்றாள்.

அந்தப் பையனுக்கு விஷயம் வேறு. பேச்சு பெரும்பாலும் இடது மூளையில்தான் இருக்கும். நாலைந்து வயசில் வந்தால் வலது பக்கம் அதை ஏற்றுக்கொள்ளும். பதினொரு வயசில் அது சுலபமில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு முதலில் பேச்சே போய், மெதுவாகத்தான் திரும்பும், முழுசாகவும் வராது. ஆனாலும் கதவு அடைபட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. 1997இல் லண்டன் டாக்டர்கள் எழுதிய ஒரு பையன், வேறு நோயால் இடது மூளை கெட்டுப் பேச்சே இல்லாதிருந்தவன், எட்டு வயசுக்கு மேல் அந்தப் பாதியை எடுத்து, மருந்தையும் நிறுத்திய பிறகு, ஒன்பது வயசில் பேச ஆரம்பித்தான். அதனால் இவனுக்கு மருந்தால் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்துப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. அந்தக் காலத்துக்கு ஓர் எல்லை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் எண்ணம். பேச்சும் கையும் ஏற்கனவே குறைந்துகொண்டே வந்தால், காத்திருந்து காப்பாற்றுவது எதை?

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது புது ஸ்கேனை மட்டும் கொண்டுபோகக் கூடாது. முதலில் எடுத்தது, நடுவில் எடுத்தது எல்லாவற்றின் ஃபிலிமும் சி.டி.யும் வேண்டும். ஒரு பக்கம் மாசத்துக்கு மாசம் சுருங்குவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். எங்கள் பிள்ளைக்கு அப்படித்தான் பிடிபட்டது. பேச்சு எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ.யில் பார்ப்பீர்களா என்று கேட்கச் சொல். துடிப்பையும், பையன் பேசுவதையும் மாசத்துக்கு ஒருமுறை செல்போனில் வீடியோ எடுத்து வைக்கட்டும். குறைகிறதா இல்லையா என்று அப்போது வாதாட வேண்டியிருக்காது. மாத்திரையைத் தாங்களாக மட்டும் நிறுத்தவே கூடாது.

தம்பி மருமகளிடம் சொல்லிவிட்டேன். ராத்திரி பிள்ளை தூங்கியதும் அவளுக்கு நேரம் இருக்கும், அந்த டீச்சர் எப்போது கூப்பிட்டாலும் பேசுவாள். நான் சொல்வதைவிட அவள் சொல்வது அந்தத் தாய்க்கு உதவும். நம்பரைத் தனியாக அனுப்புகிறேன். ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
சரோஜா