முடிவு தெரிந்த கதைகள்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்ற கையோடு படிக்க உட்கார்ந்துவிட்டாய் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். மகள் வாங்கிக் கொடுத்த 'ட்யூன்' நாவலைக் கால்வாசி தாண்டியதும் மூடி வைத்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். "ரெண்டு படத்தையும் பார்த்தாச்சு, கதை தெரியும், இனி எதுக்குப் படிக்கணும்?" என்று கேட்கிறாய். அதோடு, தெரிந்த போர்டு கேமையே வாரா வாரம் விரித்து வைத்து ஆடுவதில் எனக்கு என்ன கிடைக்கிறது என்றும் கேட்டிருக்கிறாய். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான் என்று படுகிறது.

முதலில் வீட்டுச் சமாச்சாரம். கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பொடி எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. சரோஜா சௌக்கியம், உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். பையன் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறான். சாப்பாட்டு மேசையை ஒழித்து ஆட்டத்தைப் பரப்பிவிட்டால் இருட்டும்வரை ஒருவரும் எழுந்திருப்பதில்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லையே?

இப்போது ட்யூன். பாலைவனக் கிரகம் ஒன்றை ஆள வரும் அட்ரெய்டீஸ் குடும்பத்தை, எதிரிகளான ஹார்க்கோனன்கள் வீழ்த்துகிற கதை. அதில் வரும் டாக்டர் யூவேயை மட்டும் எடுத்துக்கொள். 2021-இல் வந்த டெனி வில்நவ் படத்தில் அவர் ஓரமாக வந்துபோகிற ஒரு வைத்தியர். அரண்மனையின் காவல் உடைகிற அந்த இரவில்தான் காட்டிக்கொடுத்தவர் அவர் என்று புரிகிறது. நாம் அதிர்ந்து முடிப்பதற்குள் வானத்திலிருந்து நெருப்பு கொட்டத் தொடங்கிவிடுகிறது. 1965-இல் நாவலை எழுதிய ஃப்ராங்க் ஹெர்பர்ட் இதற்கு நேர்மாறாகச் செய்திருக்கிறார். நீயே படித்திருப்பாய், இரண்டாவது அத்தியாயத்திலேயே எதிரிகள் கூடி உட்கார்ந்து துரோகி யார் என்று பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அந்த மனிதர் அறைக்குள் நுழையும்போதெல்லாம் நமக்குத்தான் வயிற்றைப் பிசைகிறது. அட்ரெய்டீஸ் குடும்பத்துச் சிறுவன் பாலுக்கு அவர் ஒரு சின்ன வேதப் புத்தகத்தைப் பரிசாகக் கொடுக்கிற இடத்தை இன்னொரு முறை படித்துப் பார். அவர் மனைவி எதிரியின் பிடியில் இருக்கிறாள். காட்டிக்கொடுக்கப் போகிறவர், காட்டிக்கொடுக்கப்படப் போகிற பிள்ளைக்குத் தன் மன ஆறுதலுக்காகப் புத்தகம் தருகிறார். அவர் துரோகி என்பது நமக்குத் தெரிந்திருப்பதால்தான் அந்தக் காட்சிக்கு அவ்வளவு கனம். தெரியாமல் படித்தால் அது ஒரு டாக்டர் ஒரு பையனுக்குக் கொடுத்த பரிசு, அவ்வளவுதான்.

அதனால் படம் குறைந்துபோய்விட்டது என்று சொல்லவில்லை. மணல்புழு வாயைத் திறக்கும்போது ஒரு பாலைவனமே சரிந்து உள்ளே போகிறதே, அந்தப் பிரம்மாண்டத்தை நாவலின் எந்தப் பக்கமும் என் கண்ணுக்குக் காட்டவில்லை. தும்பி மாதிரி சிறகடித்துப் பறக்கும் அந்த ஊர்திகளும் அப்படித்தான். ஆனால் படத்துக்கு மனசுக்குள் போகிற வழி குறுகல். 1984-இல் இதே கதையைப் படமாக்கிய டேவிட் லிஞ்ச் பாத்திரங்களின் எண்ணங்களைக் கிசுகிசுக் குரலில் ஒலிக்கவிட்டுப் பார்த்தார், எனக்கு ஒட்டவில்லை. வில்நவ் மௌனத்தை நம்பினார். அது எவ்வளவோ மேல்.

இனி மேசைக்கு வா. இந்தக் கதையை வைத்து 1979-இலேயே ஒரு போர்டு கேம் வந்துவிட்டது. பில் எபர்லி, ஜாக் கிட்ரெட்ஜ், பீட்டர் ஒலோட்கா என்று மூன்று பேர் சேர்ந்து செய்தது. நெடுங்காலம் கிடைக்காமல் இருந்து 2019-இல் மறுபதிப்பு வந்தது. எங்கள் வீட்டில் ஆடுவது அதைத்தான். ஆறு அணிகள். ஒவ்வொரு அணிக்கும் ஐந்து தளபதிகள், ஒவ்வொருவருக்கும் ஒரு பலம். யூவேக்கு 1, அட்ரெய்டீஸ் குடும்பத்தின் பாதுகாப்பைக் கவனிக்கும் ஹவாத்துக்கு 5. ஆட்டம் தொடங்கும்போது தளபதிகளின் பெயர் போட்ட சீட்டுகளைக் கலைத்து ஆளுக்கு நான்கு தருவார்கள். அதில் ஒன்றை நீ வைத்துக்கொள்ளலாம். அந்தச் சீட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர் உன்னிடம் விலைபோன துரோகி. ஹார்க்கோனன் அணி மட்டும் நான்கையுமே வைத்துக்கொள்ளும். போரில் தளபதி, இழக்கத் தயாராக இருக்கும் வீரர்களின் எண்ணிக்கை, ஆயுதம், தற்காப்பு எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் மறைத்து வைத்து ஒரே நேரத்தில் திறக்க வேண்டும்.

போன வாரம் நான் அட்ரெய்டீஸ். அந்த அணிக்கு வருவதை முன்கூட்டியே அறியும் சக்தி உண்டு, எதிரியின் திட்டத்தில் ஏதாவது ஒன்றைக் காட்டச் சொல்லலாம். என் பையனின் தோழி ஒருத்தி பேரரசர் அணியில் இருந்துகொண்டு தலைநகரத்தின் மேல் படையெடுத்து வந்தாள். எத்தனை வீரர்களை வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். வீரர்களின் எண்ணிக்கையைக் குறித்து வைக்கும் சக்கரத்தைத் திருப்பிக் காட்டினாள், குறைவுதான். ஹவாத்தை முன்னால் வைத்து, அவளைவிட அதிகமாக வீரர்களையும் போட்டு, நிம்மதியாகத் திறந்தேன். அவள் ஒன்றும் பேசவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு சீட்டை எடுத்து என் தளபதியின் வட்டத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். ஹவாத்! முதல் சுற்றிலிருந்தே அது அவள் கையில் இருந்திருக்கிறது. அதற்கு முன்பு ஒரு சின்னச் சண்டையில் ஹவாத்தை நான் அவளுக்கு எதிராகவே இறக்கினேன். அப்போது அந்தச் சீட்டைக் காட்டாமல் தோற்றுப் போயிருக்கிறாள், தலைநகரத்துக்காகக் காத்திருந்து. என் வீரர்கள் அத்தனை பேரும் போனார்கள், அவளுக்கு ஒரு காய்கூட நஷ்டமில்லை.

முன்னறியும் சக்தியால் சக்கரத்தைப் பார்க்க முடிந்தது, ஆளின் மனசைப் பார்க்க முடியவில்லை. நாவலில் அந்தக் குடும்பம் விழுவதும் இப்படித்தானே? துரோகி இருக்கிறான் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் ஹவாத்தின் சந்தேகம் பாலின் தாய் ஜெசிகாவின் மேல் போய் நிற்கிறது. அதைப் படித்தபோது இவ்வளவு புத்திசாலிகள் எப்படி ஏமாந்தார்கள் என்று நினைத்தவன், அன்றைக்கு அதை உடம்பால் உணர்ந்தேன். அதற்குப் பிறகு யாரை முன்னால் வைப்பதற்கும் கை தயங்கியது. எவரையும் நம்ப முடியாத அரண்மனையில் வாழ்வது எப்படியிருக்கும் என்பதை அந்தச் சீட்டைத் தவிர வேறு எதுவும் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்காது.

அதே ஆட்டத்தில் பெனி ஜெஸரிட் என்று பெண்களின் அணி ஒன்று உண்டு. ஆட்டம் தொடங்கும் முன்பே, எந்த அணி எந்தச் சுற்றில் ஜெயிக்கும் என்று அவர்கள் ரகசியமாகக் குறித்து வைக்க வேண்டும். அது அப்படியே நடந்துவிட்டால், ஜெயித்த அணிக்கு வெற்றி கிடையாது, அவர்கள்தான் ஜெயித்தவர்கள். நாவலில் அந்தச் சகோதரிகள் தலைமுறை தலைமுறையாகப் பொறுமையோடு காய் நகர்த்துகிறார்கள் என்று ஹெர்பர்ட் பக்கம் பக்கமாக எழுதுகிறார். இங்கே ஒரே ஒரு விதியில் அது வந்து உட்கார்ந்துவிடுகிறது.

நல்ல மாயக்கதைக்கு உயிரே அதன் விதிதான், முரளி. நாம் சின்ன வயதில் படித்த வேதாளத்தை நினைத்துப் பார். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும். வாயைத் திறந்தால் அது மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். ஒவ்வொரு கதையின் முடிவிலும் அது ஏறத்தான் போகிறது என்று நமக்குத் தெரியும். தெரிந்தும் அடுத்த இதழுக்காக அடித்துக்கொண்டோமே! விக்கிரமாதித்தன் என்ன பதில் சொல்லி மாட்டிக்கொள்ளப் போகிறான் என்பதில்தானே நம் கவனமெல்லாம் இருந்தது.

நீ உயிராக நினைக்கும் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதைக்கும் ராய்னர் நிட்ஸியா என்ற கணிதம் படித்த ஜெர்மானியர் 2000-இல் ஓர் ஆட்டம் செய்தார். அதில் நாம் ஒருவரையொருவர் எதிர்த்து ஆடுவதில்லை, எல்லோரும் ஹாபிட்கள் என்கிற குட்டை மனிதர்கள், எல்லோரும் ஒரே பக்கம். பலகையின் ஒரு கோட்டில் நம் காய்கள் நிற்கும், எதிரே மோதிரத்தைத் தேடும் கொடியவன் சௌரான். ஒவ்வொரு தப்புக்கும் நாம் அவனை நோக்கி நகர்வோம், அல்லது அவன் நம்மை நோக்கி வருவான். மோதிரத்தைச் சுமப்பவன் அவனிடம் சிக்கினால் எல்லோருக்கும் தோல்வி. மோதிரம் எரிமலையில் விழுந்தாக வேண்டும் என்று கதை தெரிந்த அத்தனை பேருக்கும் தெரியும். இங்கே அது பெரும்பாலும் விழுவதில்லை. அந்த எரிமலை இருக்கும் மோர்டார் வரை வந்து, ஒருவன் தன்னை விட்டுக்கொடுத்து மற்றவனைத் தள்ளிவிட்டால்தான் முடியும் என்ற நிலை வரும்போது மேசையில் பேச்சு நின்றுவிடும். என் பையன் ஒரு தடவை அப்படித் தன் காயைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டான். மோதிரம் சுமப்பவனின் உற்ற துணையான சாம் என்றால் யார் என்று எனக்கு அன்றைக்குப் புதிதாகப் புரிந்தது.

சயின்ஸ் ஃபிக்ஷன் பக்கமும் இதேதான். செவ்வாயை மனிதர் வாழத்தக்க கிரகமாக மாற்றுகிற, 'டெராஃபார்மிங் மார்ஸ்' என்று 2016-இல் வந்த ஆட்டத்தில் முடிவு பலகையிலேயே அச்சடித்திருக்கிறது. செவ்வாயின் வெப்பநிலை −30-இலிருந்து +8 டிகிரிக்கு ஏற வேண்டும், ஆக்சிஜன் 14 சதவீதம் ஆக வேண்டும், ஒன்பது கடல்கள் நிரம்ப வேண்டும். மூன்றும் ஆனால் ஆட்டம் முடிந்தது. போகிற வழியில்தான் சுவாரசியம். வெப்பநிலை 0 டிகிரியைத் தொடுகிறபோது பனி உருகியதாகக் கொண்டு ஒரு கடல் கூடுதலாக வரும். அந்தக் கடலை வைக்கிற ஆளாக இருக்க நாங்கள் போடும் போட்டி இருக்கிறதே! வால்மீன் ஒன்றை இழுத்து வந்து மோதவிட்டால் கிரகம் சூடாகும், கடலும் கிடைக்கும், பக்கத்தில் இருப்பவரின் செடிகளும் சாகும். உனக்கு இது ரொம்பப் பிடிக்கும், பௌதிகம் படித்தவன்.

நீ பார்த்து அழுததாக எழுதியிருந்தாயே 'அரைவல்' படம், அது 1998-இல் டெட் சியாங் எழுதிய ஒரு நீண்ட கதையிலிருந்து வந்தது. படத்தில் இல்லாத ஒன்று அதில் இருக்கிறது: காற்றிலிருந்து தண்ணீருக்குள் போகும் ஒளி, மிகக் குறைந்த நேரம் எடுக்கும் பாதையில்தான் போகிறது என்று நாம் கல்லூரியில் படித்த ஃபெர்மா விதி. எங்கே போய்ச் சேரப் போகிறோம் என்று தெரிந்தால்தானே குறைந்த நேரப் பாதையைத் தேர்ந்தெடுக்க முடியும் என்று கதை கேட்கிறது. வரப்போவது தெரிந்தும் மகளைப் பெற்றுக்கொள்ளும் கதைநாயகியான அந்தத் தாய், இந்த விதியிலிருந்துதான் எழுந்து வருகிறாள். நாம் தேர்வுக்காக உருப்போட்ட விதி! உன்னிடம் அந்தத் தொகுப்பு இல்லையென்றால் என்னுடையதை அனுப்புகிறேன்.

ஆகவே ட்யூனை மறுபடி எடு. அடுத்து வரப்போகிற இரவு விருந்துக் காட்சி வில்நவ் படத்தில் கிடையாது. ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் யார் யாரென்று ஜெசிகா குரலையும் கையசைவையும் வைத்தே அளந்துகொண்டிருப்பாள். அதை நிதானமாகப் படி. படித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து சேர். இப்போது ஐந்து பேர்தான் இருக்கிறோம், ஆறாவது நாற்காலி காலி. எந்த அணி வேண்டும் என்று பதிலில் எழுது. பெனி ஜெஸரிட்டை மட்டும் கேட்காதே, அதைச் சரோஜா விட்டுத்தர மாட்டாள்.

அன்புடன்,
சேகர்