அடுத்தவரின் கடந்த காலத்தையும் விட்டுவிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டின் கடைசி இரவு ஆராதனைக்குச் சபைகள் ஆயத்தமாகி வருகின்றன. 'முந்தினவைகளை நினைக்கவேண்டாம், பூர்வமானவைகளைச் சிந்திக்கவேண்டாம்' என்ற ஏசாயா 43:18-ஐயோ, 'பின்னானவைகளை மறந்து, முன்னானவைகளை நாடி' என்ற பவுலின் வார்த்தைகளையோ அன்றிரவு பிரசங்கத்திலோ வாக்குத்தத்த அட்டையிலோ நம்மில் பலர் சந்திப்போம். நோயும் நஷ்டமும் தோல்வியும் பழைய ஆண்டோடு போகட்டும் என்று ஜெபித்து, மனம் லேசாகி வீடு திரும்புவோம். அது நல்லதே. ஆனால் நம்முடைய பழையவற்றை விடுவதைக் காட்டிலும், பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவருடைய பழையவற்றை விடுவதே நமக்குக் கடினமாக இருக்கிறது. இதைப் பற்றி நம் சபைகளில் போதுமான அளவு பேசப்படுவதில்லை என்ற வருத்தத்தில்தான் எழுதுகிறேன்.

குடியை விட்டுப் பல ஆண்டுகள் ஆன ஒருவர் சபையை நிர்வகிக்கும் சேகர மன்றத்தின் தேர்தலில் நிற்க முன்வந்தால், அவர் இன்று எப்படி வாழ்கிறார் என்று கேட்பவர்களைவிட, அன்று எந்தத் தெருவில் விழுந்து கிடந்தார் என்று நினைவூட்டுபவர்களே அதிகம். கணவரைப் பிரிந்து வாழும் பெண் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஜெபிக்க எழுந்தால், நடந்தது என்னவென்றே அறியாதவர்களின் பார்வைகள் சந்திக்கின்றன. திருமணப் பேச்சு தொடங்கிவிட்டாலோ, ஆலயத்தில் திருமண அறிவிப்பான ஓலை வாசிப்பதற்கு முன்பே பெண்ணின் தாத்தா காலத்து வழக்கு வரைக்கும் தோண்டி எடுக்கப்படுகிறது. தகப்பன் திருந்திய பிறகு பிறந்த பிள்ளைகளும் அவருடைய பழைய பெயரைச் சுமக்கிறார்கள்.

இத்தனைக்கும் நாம் ஞாயிறுதோறும் ஒரே குரலில் பாவ அறிக்கை செய்கிறோம். குருவானவர் கூறும் பாவமன்னிப்பின் வார்த்தைகளையும் ஒன்றாகவே கேட்கிறோம். தென்னிந்தியத் திருச்சபையின் 1950-ஆம் ஆண்டு திருவிருந்து வழிபாட்டு முறை, சமாதானத்தைக் கைக்குக் கை கொடுத்துக் கடத்தும் ஆதித் திருச்சபையின் வழக்கத்தை மீண்டும் சபையாரின் நடுவே கொண்டுவந்தது. பல திருச்சபைகள் கவனித்துப் போற்றிய மாற்றம் அது. அந்தச் சமாதானத்தை வாங்கிய கையோடு, ஆலய வாசலில் நின்று ஒருவருடைய பழங்கணக்கைப் புரட்டுவது எப்படி நமக்குக் கூடுகிறது?

வேதத்தில் இதற்கு நேரான நிகழ்ச்சி ஒன்று உண்டு. இயேசுவின் சீஷனான ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றபோது சாட்சிக்காரரின் வஸ்திரங்கள் வைக்கப்பட்டது சவுலின் பாதத்தருகே. பின்னாளில் பவுல் என்று அழைக்கப்பட்ட அந்தச் சவுல் மனந்திரும்பி எருசலேமுக்கு வந்தபோது, சீஷர்கள் அவனை நம்பவில்லை, பயந்தார்கள். அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. அப்போது பர்னபா என்ற ஒருவர் அவனைச் சேர்த்துக்கொண்டு, அப்போஸ்தலரிடம் அழைத்துப்போய், அவனுக்காகப் பேசினார். பர்னபா ஒதுங்கி நின்றிருந்தால் சபையின் கதவு சவுலுக்கு எப்போது திறந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். வியப்பு என்னவென்றால், அதே பவுல் பிற்காலத்தில், பம்பிலியாவில் தங்களை விட்டுப் பிரிந்துபோன மாற்குவை மறுபடியும் ஊழியத்துக்கு அழைத்துப்போக மறுத்தார். அதனால் பர்னபாவையே பிரிந்தார். மன்னிப்புப் பெற்றவருக்கும் அடுத்தவருடைய பழைய தவறை விடுவது அவ்வளவு கடினமாக இருந்திருக்கிறது. மாற்குவைத் தன்னோடு கூட்டிச்சென்றவர் பர்னபாதான். பல ஆண்டுகளுக்குப் பின், தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, மாற்குவை அழைத்து வரும்படியும், அவன் ஊழியத்தில் தமக்குப் பிரயோஜனமுள்ளவன் என்றும் பவுலே சொல்கிறார். மாற்குவுக்கு இரண்டாம் வாய்ப்புக் கொடுக்க ஒருவர் இருந்ததால்தான் அந்த வரி எழுதப்பட்டது.

இதைச் சொல்லும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பழையதை விடுவது வேறு, மூடி மறைப்பது வேறு. வரி வசூலித்த சகேயு மன்னிப்பைப் பெற்ற அதே வீட்டில், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துவதாகச் சொன்னான். அடிமையான ஒநேசிமுவுக்காக அவனுடைய எஜமான் பிலேமோனிடம் பரிந்து பேசிய பவுல், அவனால் நேர்ந்த நஷ்டத்தைப் பற்றிப் பேசாமல் விடவில்லை. அதைத் தம் கணக்கில் வைத்துக்கொள்ளும்படி எழுதினார். ஆகவே காணிக்கைப் பணத்தைக் கையாடியவர் மனந்திரும்பிவிட்டார் என்பதற்காக அவரிடமே கணக்கை ஒப்படைக்கத் தேவையில்லை. சிறுவர்களுக்குத் தீங்கு செய்தவர் ஒருபோதும் ஓய்வுநாள் பள்ளியில் நிற்கக் கூடாது. அவரைக் காவல் துறையிடம் ஒப்படைப்பதும் சபையின் கடமையே. வீட்டில் அடிவாங்கும் பெண்ணிடம், 'நீ மன்னிக்காவிட்டால் உன் ஜெபம் கேட்கப்படாது' என்று சொல்லி அனுப்புவது மிகப் பெரிய கொடுமை. மறக்கும்படி புண்பட்டவரை நெருக்குகிற நாம், திருந்தி வாழ்பவரின் தவறை மட்டும் மறக்க மறுக்கிறோம்.

சபைகளைக் கவனிக்கும் சேகரகுருமார்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஏசாயாவின் வசனத்தை இம்முறை பிரசங்கிக்கும்போது, அதைத் தனி மனித ஆறுதலோடு நிறுத்தாமல், சபை தன் அங்கத்தினர்களைப் பார்க்கும் பார்வைக்கும் பொருத்திப் பேசுங்கள். கன்வென்ஷன் கூட்டங்களை நடத்துகிறவர்களும் சற்று யோசிக்க வேண்டும். இரட்சிக்கப்பட்டவரை ஆண்டுதோறும் மேடையேற்றி, அவர் செய்த பாவங்களை விவரமாகச் சொல்ல வைத்து, 'சாட்சி' என்று மகிழ்கிறோம். பின்வரிசையில் அமர்ந்து அதைக் கேட்கும் அவருடைய மகளின் முகத்தை ஒருமுறையாவது பாருங்கள். சாட்சி சொல்வதா வேண்டாமா, சொன்னால் எவ்வளவு சொல்வது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

இப்படிக்கு,
தென்னிந்தியத் திருச்சபை அங்கத்தினர் ஒருவர்,
பாளையங்கோட்டை.