அடுக்ககச் சங்கப் பொருளாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பொருளாளர்களே, வணக்கம்.

மாதா மாதம் எக்செல்லில் பராமரிப்புக் கணக்குப் போட்டு வீடு வீடாக ரசீது கொடுக்கிறீர்கள். சம்பளம் இல்லாத வேலை. அதில் நாலு ரூபாய் உதைத்தால் பொதுக்குழுவில் உங்கள் நாணயத்தையே கேள்வி கேட்கிறார்கள். பல நேரம் காசு எங்கேயும் போயிருக்காது, ரவுண்ட் செய்த விதத்தில்தான் தப்பு இருக்கும்.

12 வீடுகள், தண்ணீர் லாரிக்கு 10,000 ரூபாய் என்று வையுங்கள். 12-ஆல் வகுத்துவிட்டு, பைசா வேண்டாமென்று செல் ஃபார்மட்டில் டெசிமலை எடுத்துவிடுகிறீர்கள். திரையில் 833, ரசீதிலும் 833. ஆனால் செல்லுக்குள் 833.3333... அப்படியே இருக்கிறது. அதனால் கூட்டுத்தொகை 10,000 என்று காட்டும். வசூலாவதோ 9,996. ரசீதுக்குப் போகும் தொகையை ரவுண்ட் ஃபார்முலாவுக்குள் போடுங்கள். அப்போது கூட்டுத்தொகையும் 9,996 என்றே வரும், குறையும் 4 ரூபாய் எல்லோர் கண்ணிலும் படும். அதை அடுத்த மாதம் சேர்ப்பதா, நிதியிலிருந்து எடுப்பதா என்பதைக் கமிட்டி முடிவு செய்து மினிட்ஸில் எழுதட்டும்.

இதைவிடப் பெரிய ஓட்டை சதுர அடிக் கணக்கில் இருக்கிறது. பொது மின்கட்டணம் 7,350 ரூபாய், மொத்தப் பரப்பு 11,400 சதுர அடி. சதுர அடிக்கு 0.6447 சொச்சம் வரும். அதை 0.64 என்று முதலிலேயே சுருக்கிவிட்டுப் பெருக்கினால் வசூல் 7,296-தான். ஒரே தலைப்பில் 54 ரூபாய் துண்டு விழுகிறது! விகிதத்தைத் தொடாதீர்கள். கடைசியாக வரும் வீட்டுத் தொகையை மட்டும், ஒரே ஒரு தடவை ரவுண்ட் செய்யுங்கள்.

நடுவழியில் வெட்டுவது எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு கனடாவில் இருந்த வான்கூவர் பங்குச்சந்தை சாட்சி. 1982-இல் 1,000 புள்ளியில் தொடங்கிய அதன் குறியீட்டை, ஒவ்வொரு முறை கணக்கிடும்போதும் மூன்று டெசிமலுக்கு மேல் வெட்டிக்கொண்டே வந்தார்கள். 1983 நவம்பரில் அது 524 அளவில் கிடந்தது. திருத்திப் பார்த்தால் 1,098-க்கும் மேல்.

அப்புறம், பைசாவோடு வரும் இரண்டு மொத்தங்களைச் சமக்குறி போட்டு ஒப்பிடாதீர்கள். கணினி 0, 1 மட்டும் கொண்ட இரும எண்முறையில்தான் கணக்குப் போடுகிறது; 0.1 போன்ற எண்ணை அதில் முழுசாக எழுத முடியாது. அதனால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிற தொகைகளையும் எக்செல் சில சமயம் வேறு வேறு என்று சொல்லும். வித்தியாசம் அரைப் பைசாவுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள், போதும்.

'திரையில் தெரிகிற அளவே துல்லியம்' (Set precision as displayed) என்கிற மாதிரி ஒரு செட்டிங் எக்செல்லில் உண்டு. தயவுசெய்து அதைப் போடாதீர்கள். அது மறைந்திருக்கும் டெசிமல்களை நிரந்தரமாக அழித்துவிடும், பிறகு மீட்க வழியில்லை.

இந்த வருடக் கணக்கிலேயே 'ரவுண்டிங் வித்தியாசம்' என்று தனித் தலைப்பு ஒன்றைத் திறந்து, ஒவ்வொரு மாதமும் கூடியதையோ குறைந்ததையோ அதில் எழுதிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஓர் அடுக்ககவாசி